பூக் கேட்டு வாங்கின செவப்பு வண்டி

ஏனுங்க, எட்டிப் பாக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு நெருக்கி உக்காந்துட்டு கண்ணை வேற எங்க வெச்சுக்கறது? உங்க செல்லுல ரெண்டு வண்டி ஓடுது, ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம். வீடியோவுல ஒரு ஆளு கையை ஆட்டி ஆட்டிப் பேசறான். ரெண்டுல தெனமும் ஓட்டறதுக்கு எது நல்லதுன்னு சொல்றானாக்கும். நீங்க சத்தத்தைக் கொறைச்சுத்தான் வெச்சிருக்கீங்க. ஆனா எனக்குக் கேக்குது. பம்பு செட்டு கம்பெனியில டெஸ்டிங்ல இருக்கறனுங்க, இருபத்திரெண்டு வருஷமா. மோட்டார் ஓடற சத்தத்தை வெச்சே பேரிங் போயிருச்சான்னு சொல்லிப்போடுவேன்.

வாங்கப் போறீங்களா? சும்மா பாக்கறீங்களா? சும்மா பாக்கறேன்னு தான் எல்லாரும் சொல்றது. நானும் அப்படித்தான் சொன்னேன்.

இந்தா மடியில இருக்கற ஹெல்மெட்டப் பாருங்க. பஸ்ஸுல வர்றவனுக்கு ஹெல்மெட் எதுக்குன்னு நெனைச்சிருப்பீங்க. ஏறினதுல இருந்து கண்டக்டரே ரெண்டு தடவை பாத்துட்டாரு. வண்டி இருக்குதுங்க. செவப்பு வண்டி. வாங்கி இருபத்தஞ்சு நாள் ஆச்சு. சிந்தாமணிப்புதூர்ல என்ற சினேகிதன் லேத்து வெச்சிருக்கறான், அவன் பட்டறை வாசல்ல நிறுத்திட்டு வர்றேன். புது வண்டியில்லீங்களா, மொதல் ஆயிரம் கிலோமீட்டர் பதனமா ஓட்டோணும். அதுக்குத்தான் பஸ்ஸு. வேற ஒண்ணுமில்லை.

முன்னாடி பாருங்க. லேடீஸ் சீட்டு, மூணாவது, ஜன்னலோரம். பச்சைச் சேலை. தெரியுதா? மெதுவாப் பாருங்க, விரலை நீட்டாதீங்க. அது என்ற சம்சாரம், சுகந்தி. சிங்காநல்லூர்ல ஒரு பல் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கறா. சூலூர்லயே ஏறிடுவா. நான் பின்னாடி படியில ஏறினது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாமுன்னு தான் இங்க வந்து உக்காந்திருக்கறேன். இன்னைக்கோட பதினோரு நாள் ஆச்சுங்க. நான் அவ பின்னாடி போறேன்னு நெனைச்சுக்காதீங்க. எனக்கும் இதே ரோடு தானே, சுங்கத்துல கம்பெனி.

நீங்க கேக்காட்டியும் சொல்றேன், ஏன்னா வண்டி வாங்கப் போறீங்க. என்ற பேரு மருதாசலம். பதினேழு வருஷமா ஒரே வண்டி. சாதா வண்டி தான், நூறு சிசி. காலையில எட்டேகாலுக்கு அவ பின்னாடி ஏறுவா, ஒருக்களிச்சு உக்காந்து என்ற தோள் மேல ஒரு கை. வண்டி தெரு முக்கைத் தாண்டறதுக்குள்ள பேச ஆரம்பிச்சிருவா. பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடியே அழுதவன், புடுங்கின பல்லைக் குடுங்கன்னு சண்டை போட்டவன், எல்லாக் கதையும் வரும். சிங்காநல்லூர்ல எறக்கி உட்டுட்டு நான் சுங்கம் போயிருவேன். சாயந்திரம் அதே மாதிரி. ஊட்டுக்குள்ள நாங்க அவ்வளவாப் பேசிக்கறதில்லீங்க. ஊட்டுல டிவி பேசும். மக சேலத்துல ஹாஸ்டல்ல இருக்கறா.

அந்தப் பழைய வண்டி போன ஆனி மாசம் மூணு தடவை நடுரோட்டுல நின்னுருச்சு. அப்பத்தான் மாத்தலாமுன்னு தோணுச்சு. நாப்பத்தஞ்சு வயசாச்சு. இத்தனை வருஷம் அடுத்தவன் சர்ருனு போறதைப் பாத்துட்டே ஓரமா ஓட்டியாச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லதா ஒண்ணு வாங்கிப்போடலாமுன்னு ஆசை. அது தப்புங்களா?

ரெண்டு வண்டி. பேரு வேண்டாம், செவப்பு நீலமுன்னே வெச்சுக்குவோம். செவப்பை நாலு தடவை ஓட்டிப் பாத்தேன், நீலத்தை மூணு தடவை. அஞ்சாவது தடவை போனப்ப ஷோரூம்காரன் சாவியக் காணோமுன்னு சொல்லிட்டான். நீலத்துல கைப்பிடி ஒசரமுங்க, நிமுந்து உக்காரலாம். பின் சீட்டு ஒரு சாண் பெருசு. சந்துல திருப்பறதுக்கும் சுளுவு. மைலேஜும் கூட. செவப்புல கும்புட்டு விழற மாதிரி குனிஞ்சு உக்காரோணும். சிக்னல்ல நின்னா இஞ்சின் சூடு தொடையில ஏறும். எங்க தெருவுல திருப்பறதுக்கு மூணு தடவை முன்னாடி பின்னாடி தள்ளோணும்.

எல்லாம் வெச்சுப் பாத்தா எனக்கு ஒரே குழப்பம். எதுன்னு முடிவு பண்ணவே முடியலீங்க.

கம்பெனியில ஃபிட்டர் தேவசகாயமுன்னு ஒருத்தரு, அவருகிட்டக் கேட்டேன். "நீ போறது சூலூர்ல இருந்து சுங்கம். வழியெல்லாம் சிக்னல். மூணாவது கியரத் தாண்டவே மாட்டே. நீலத்தை வாங்கிட்டு நிம்மதியாப் போ"ன்னாரு. ஆறு கியர் இருக்குதுன்னா ஆறையும் போட்டே தீரோணுமாங்க? இருக்கோணும். அவ்வளவுதான். லேத்துப் பட்டறைக்காரனைக் கேட்டேன், அவனும் நீலமுன்னான். சேலத்துக்குப் போன் போட்டு மகளக் கேட்டேன், "அம்மா எதுலப்பா உக்காருவாங்க?"ன்னா. கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லலை.

அதனால அம்மிணியவே, சுகந்தியத்தான், ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் ஒண்ணும் கேக்காம வாங்கற ஆளில்லீங்க. மொதல்ல செவப்புல உக்கார வெச்சேன். பின் சீட்டு தோசைக்கல்லு அகலம் தான் இருக்கும், அதுவும் மேல தூக்கிட்டு நிக்கும். சேலையோட ஒருக்களிச்சு உக்கார முடியலை. ரெண்டு பேரு புடிச்சு ஏத்தி உட்டோம். ஷோரூம் வாசல்லயே ஒரு சுத்து சுத்தினேன். பிரேக்கைத் தொட்டதும் அப்படியே சறுக்கிட்டு வந்து என்ற முதுகுல மோதினா. நிறுத்தினதுக்கப்புறம் மேலயே உக்காந்துட்டு அந்தச் சேல்ஸ்காரன்கிட்டக் கேக்கறா, "ஏனுங்க, வண்டியோட ஏணி சேத்திக் குடுப்பீங்களா, அது தனியா வாங்கோணுமா?"ன்னு. ஷோரூமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அவளுக்குப் புடிச்சுப் போச்சுன்னு தான் நான் நெனைச்சேன். புடிக்காத ஒண்ணைப் பத்தி யாராச்சும் தமாசு பேசுவாங்களா?

நீலத்துல உக்காந்தா. ஒண்ணுமே சொல்லலை. அப்ப அது புடிக்கலைன்னு தானே அர்த்தம்?

ஆக, மனுசங்களக் கேட்டா ஒரு வழிக்கு வரலை. சரி, சாமியக் கேட்டுருவோமுன்னு முடிவு பண்ணினேன். உங்க ஊர்ல பூக் கேக்கறது உண்டுங்களா? எங்களுக்குக் கல்யாணம் பண்றது, கெணறு வெட்டறது, ஊடு கட்டறது எல்லாத்துக்கும் பூக் கேட்டுத்தான். வெள்ளை அரளி ஒண்ணு, செவப்பு அரளி ஒண்ணு, தனித்தனியா எலையில பொட்டலம் கட்டி அம்மன் முன்னாடி போட்டுருவாங்க. எதுல எது இருக்குதுன்னு தெரியாது. மனசுல நெனைச்சுட்டு ஒண்ணை எடுக்கோணும். வெள்ளை வந்தா செய்யலாம், செவப்பு வந்தா வேண்டாம். ஊருக்கே தெரிஞ்ச கணக்கு இது.

ஆனா என்ற கேள்வி செய்யலாமா வேண்டாமாங்கறது இல்லீங்களே. எதுங்கறது தானே? அதனால நானா ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டேன். செவப்புப் பூ வந்தா செவப்பு வண்டி. வெள்ளைப் பூ வந்தா நீல வண்டி. நீலத்துல அரளி கெடையாதில்லீங்களா, வேற என்ன பண்றது?

வெள்ளிக்கிழமை நான் மட்டும் போய்க் கேட்டேன். அங்காளம்மன் கோயில், பூசாரி ராக்கியண்ணன். வெள்ளை வந்துச்சு.

எனக்கென்னமோ மனசுக்கு ஒப்பலை. பொட்டலம் போடறப்ப காத்து அடிச்ச மாதிரி இருந்துச்சு. பூசாரியும் அன்னைக்கு எதோ அவசரத்துல இருந்தாரு. சாமி காரியத்துல ஒரு சந்தேகமுன்னு வந்துட்டா மறுபடி கேட்டுத் தெளிஞ்சுக்கறது தானே முறை? அதனால செவ்வாக்கெழமை அம்மிணியவும் கூட்டிட்டுப் போனேன். குடும்பமாப் போனா இன்னும் விசேஷம். "வண்டி விஷயமா பூக் கேக்கலாம் வா"ன்னு தான் சொன்னேன். மறுபேச்சில்லாம தலைக்குக் குளிச்சுட்டு வந்தா. வெள்ளிக்கிழமை வந்ததை அவகிட்டச் சொல்லலை. சொல்லிக் குழப்புவானேன்?

பூசாரி பொட்டலம் போட்டாரு. "நீயே எடு அம்மிணி"ன்னு சுகந்திகிட்டச் சொல்லிட்டாரு. அவ கண்ணை மூடிட்டு ரொம்ப நேரம் கும்பிட்டா. அவ்வளவு நேரம் கும்பிட்டு நான் பாத்ததில்லீங்க. அப்புறம் எடுத்துப் பிரிச்சா. செவப்பு.

நான் கோயிலுன்னும் பாக்காம ஒரு குதி குதிச்சுட்டேன். "பாத்தியா அம்மிணி, பாத்தியா!"ன்னு கத்தறேன். அவ பூவைக் கையில வெச்சுட்டு என்ற மொகத்தையே பாக்கறா. கண்ணுல தண்ணி. பக்தியில தண்ணி வந்துருச்சுன்னு நெனைச்சேன். அம்மன் வாக்கு கேட்டுட்டு வர்றோம், அமைதியா வர்றான்னு நானும் அமைதியா வந்தேன்.

அடுத்த நாளே புக் பண்ணிட்டேன். பழைய வண்டிய எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளிட்டுப் போறப்ப அவ வாசல்ல நின்னுட்டிருந்தாளாம். பக்கத்தூட்டுக்காரங்க அப்புறமாச் சொன்னாங்க. நான் கவனிக்கலீங்க. புது வண்டியப் பாத்துட்டிருந்தேன்.

எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, வண்டி ஊட்டு வாசல்ல நிக்குது. எட்டேகால் ஆச்சு. வாம்மிணின்னு ஹாரன் அடிச்சேன். வெளிய வந்து என்ற நெத்தியில துன்னூறு வெச்சா. தலையிலயும் கொஞ்சம் போட்டா. "நீங்க பாத்துப் போங்க, நான் பஸ்ஸுல வர்றேன்"னா. புதுச் சேலை கட்டியிருந்தா, கசங்கிருமுன்னு சொல்றாளாக்கும்னு போயிட்டேன். ரெண்டாம் நாளும் பஸ்ஸு. மூணாம் நாளும் பஸ்ஸு. நாலாம் நாள் உக்கார வெச்சுக் கேட்டேன், என்ன தான் உனக்குன்னு.

"ஏனுங்க, செவப்பு வந்துச்சா இல்லையா?"ன்னா.

"வந்துச்சு. அதனால தானே செவப்பு வாங்கினேன்"னேன்.

"செவப்பு வந்தா வேண்டாமுன்னு தானே?"

அப்பத்தாங்க எனக்கு வெளங்குச்சு. அவ பாட்டுக்கு ஊர் கணக்குல கேட்டிருக்கறா. இந்த வண்டி வாங்கலாமா வேண்டாமான்னு. நான் என்ற கணக்குல கேட்டிருக்கறேன். ஒரே பொட்டலம், ரெண்டு கேள்வி. நான் பொறுமையாச் சொன்னேன், அப்படியில்லம்மிணி, செவப்புன்னா செவப்பு, வெள்ளைன்னா நீலம், அப்படித்தான் நான் மனசுல வெச்சிருந்தேன்னு.

"சாமிகிட்டப் போயி யாராச்சும் கலரு கேப்பாங்களா?"ன்னா.

அதுக்கப்புறம் இன்னொண்ணும் சொன்னா. "வெள்ளை வரோணுமுன்னு தானுங்க அத்தனை நேரம் கும்பிட்டேன். நீங்க ஆசைப்பட்டுட்டீங்க, வெள்ளை மட்டும் வந்துட்டா எந்த மரத்து மேல வேணாலும் ஏறி உக்காந்துக்கறேன்னு வேண்டினேன். அம்மன் வேண்டாமுன்னுட்டா. நீங்க குதிக்கறீங்க. தெனமும் நீங்க போனதும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வேண்டிட்டுத்தான் பஸ் ஏறறேன்"ன்னா. பயப்படறதுக்கு என்னங்க இருக்குது? ரெண்டு வீலுக்கும் டிஸ்க் பிரேக்கு. அதையும் அவகிட்டச் சொன்னேன்.

சரி, பூசாரிகிட்டவே போயி நியாயம் கேப்போமுன்னு அவளக் கூட்டிட்டுப் போனேன். நடந்துதான். ராக்கியண்ணன் மணியத் தொடைச்சுட்டிருந்தாரு. ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னோம். நல்லாக் கேட்டுட்டு, "எடுத்தது யாரு கை?"ன்னாரு. "அவ கை"ன்னேன். "அப்ப வாக்கு அந்தக் கைக்குத்தான். நீ மனசுல நெனைச்சதெல்லாம் கணக்குல வராது"ன்னுட்டாரு. நானும் உட்டுக் குடுக்கலை. இன்னொரு தடவை கேட்டுருவோம், இப்பவே போடுங்கன்னேன். அந்த மனுசன் என்ன சொன்னாருங்கறீங்க? "ஒரே காரியத்துக்கு எத்தனை தடவை மருதாசலம்? ரெண்டு பேரும் வந்ததுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தான் நீ தனியா வந்து கேட்டுட்டுப் போனியே"ன்னாரு.

அம்மிணி திரும்பி என்னையப் பாத்தா.

"வெள்ளிக்கிழமை என்ன வந்துச்சு?"

பொய் சொல்ல முடியுங்களா, சன்னிதியில நின்னுட்டு? "வெள்ளை"ன்னேன்.

"வெள்ளையா? அப்ப வாங்கலாமுன்னு தானே வந்திருக்குது?"

"இல்லம்மிணி. வெள்ளைன்னா நீலம்."

பூசாரி மணியத் தூக்கிட்டு உள்ள போயிட்டாரு. அவ கோவமா இருந்தாக் கூடத் தேவலீங்க. "என்னைய உட்டுப்போட்டுத் தனியாப் போயிக் கேட்டீங்களா?"ன்னு மெதுவாக் கேட்டா. அவ்வளவுதான். அன்னைக்கு அடைச்ச வாய். சோறு வெச்சிருக்குது, தண்ணி வந்துருச்சு, இந்த ரெண்டு பேச்சோட சரி. தனியாப் போனதுல என்னங்க அவ்வளவு பெரிய தப்பு? நீங்களே சொல்லுங்க. கொலை பண்ணிட்டனா?

ஒண்டிப்புதூர் வந்துருச்சு. இங்க கொஞ்சம் நெரிசலா இருக்கும், மெதுவாத்தான் நகரும்.

அவ பேச்சை நிறுத்தினதுக்கப்புறம் ரெண்டு நாளு வண்டியிலயே பஸ்ஸை ஒட்டி வந்தேன். அவ ஜன்னலுக்கு நேராவே ஓட்டிட்டு வர்றது. பாக்கட்டும், வண்டி எவ்வளவு பதனமாப் போகுதுன்னு பாக்கட்டுமுன்னு தான். டவுன் பஸ்ஸு எவ்வளவு வேகம் போகும்? அதோட சேந்து மொதல் கியருலயே உறுமிட்டு வர்றேன், தொடை வெந்து போச்சு, மணிக்கட்டு வீங்கிப் போச்சு. மூணாம் நாளு அவ ஷட்டரை எறக்கி உட்டுட்டா. பஸ்ஸுல இருக்கற மத்தவங்கெல்லாம் எட்டி எட்டிப் பாக்கறாங்க.

அதுலயிருந்து நானும் பஸ்ஸுங்க. முன்னாடியே கெளம்பி, வண்டியிலயே கம்பெனிக்குப் போற மாதிரி போயி, சிந்தாமணிப்புதூர்ல நிறுத்திட்டு, ஹெல்மெட்டும் சோத்துப் போசியுமா இந்தப் பஸ்ஸுக்கு நிப்பேன். போசி மாட்டறதுக்குக் கூட அந்த வண்டியில ஒரு கொக்கி கெடையாதுங்க. முதுகுப் பையில போட்டு, ரசம் கொட்டி, மூணு சட்டை போச்சு. ஆனா வண்டின்னு பாத்தா, நல்ல வண்டி. அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. அந்த வண்டியில தனியாப் போறப்ப ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணுமே கேக்கறதில்லீங்க. இஞ்சின் சத்தம் அருமையா இருக்குது, நானே சொல்றேன், பேரிங் எல்லாம் பிரமாதம். ஆனா வெறிச்சுன்னு இருக்குதுங்க. போன வாரம் பல்லு ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. பதினேழு வருஷத்துல எனக்குத் தெரியாத வாரமே கெடையாதுங்க. மனசு கெடந்து அடிச்சுக்குது. இங்க உக்காந்தா அவ பின்னந்தலையாச்சும் தெரியுது. பக்கத்துல இருக்கற பொம்பளைகிட்ட எதோ சொல்றா பாருங்க. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. என்ன சொல்லியிருப்பான்னு நெனைக்கறீங்க?

போயிப் பேசறதுக்கென்னன்னு கேப்பீங்க. என்னன்னு பேசறது? நான் தான் தப்பே பண்ணலையே. அவளா வந்து பேசட்டும். நான் அதுல உறுதியா இருக்கறேன்.

இருங்க, கண்டக்டர் வந்துட்டாரு. சுங்கம் ஒண்ணு குடுங்க. சில்லறையே இருக்குதுங்க, இந்தாங்க.

என்னதுங்க?

எடுத்தாச்சா? யாரு எடுத்தது? எனக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, வேற யாருக்காச்சும் இருக்கும்.

பச்சைச் சேலையா?

பொம்பளைங்களுக்குத் தான் காசே வேண்டாமே, அவ எதுக்குங்க... ஓ. எனக்குன்னு சொல்லித்தான் எடுத்தாளா? என்னன்னு சொன்னா? அப்படியே சொல்லுங்க. "பின்னாடி எங்க ஊட்டுக்காரர் ஒளிஞ்சு உக்காந்திருக்கறாரு, அவருக்கு ஒண்ணு"ன்னா?

எங்க, டிக்கெட்டைக் குடுங்க பாக்கலாம். இதுல சிங்காநல்லூருன்னு இருக்குது. நான் சுங்கம் போறவனுங்களே. தப்பாக் கிழிச்சுட்டீங்க போல.

சிங்காநல்லூருன்னே தான் கேட்டாளா? ரெண்டு தடவை கேட்டும் அதையே தான் சொன்னாளா?

வேண்டாமுங்க. வேண்டாம், வேண்டாம், மாத்தாதீங்க. சுங்கத்துக்கு வேற டிக்கெட்டும் வேண்டாம். அவ சொன்னது சரி தான். இதே இருக்கட்டும்.

பாருங்க தம்பி, அவ எந்திரிச்சுட்டா. கம்பியப் புடிச்சுட்டுத் திரும்பி இங்கதான் பாக்கறா. கம்பெனிக்கு இன்னைக்கு லேட்டு தான், ஆனா ஆகட்டும். இந்த ஹெல்மெட்டைச் சித்தெ புடிங்க, பையை மாட்டிக்கறேன். காலை ஒதுக்குங்க, நான் எறங்கோணும்.